எந்த டிரேயில் எந்த டிஸ்க்

"சர்வர் போயிடுச்சிண்ணா" என்று திண்டிவனத்திலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் அது நாலு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டிதான். கல்யாண ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர் என்று பல இடங்களில் இப்போது இருக்கிறது. நெட்வொர்க் ஒயரில் மாட்டிவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே சேமிக்கும். என்ன ஆச்சு என்று நான் கேட்பதில்லை. "கடைசியா அதுல யார் கை வச்சது?" என்றுதான் கேட்கிறேன். போனின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

*

ஒரு டிஸ்க் விழுந்ததும் பெட்டி பீப் பீப் என்று கத்தும். கத்தலை நிறுத்த ஒரு பட்டனும் உண்டு. விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னது: "மாசியில கத்திச்சிண்ணா, ஆஃப் பண்ணிட்டம். அப்புறம் நல்லாத்தான் ஓடிச்சி." ஓடத்தான் செய்யும். ஒன்று விழுந்தாலும் மிச்சம் மூன்றை வைத்து ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். வைகாசி முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருந்தபோது இரண்டாவது டிஸ்க் விழுந்தது.

*

ஸ்டூடியோ பையன்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு. முதல் மூன்று டிஸ்க்கில் 7, 4, 9. நாலாவதில் கூட்டுத்தொகை 20. இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டதா? இருபதிலிருந்து ஏழையும் ஒன்பதையும் கழி, 4 கிடைக்கும். இரண்டு டிஸ்க் செத்தால்? மிச்சம் 13 என்று தெரியும். அது நாலும் ஒன்பதுமா, ஆறும் ஏழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே நடப்பது நிஜமான கூட்டல் இல்லை, பிட் பிட்டாக ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்ப்பது. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்காது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டிஸ்க் என்று சுற்றி வரும். இதுதான் ரெய்டு 5.

1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இந்த ஏற்பாடு. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவது, அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது, இதுதான் அவர்கள் கவலை. பேக்கப் அவர்கள் கவலை இல்லை; அழித்துவிட்ட ஃபைல் நாலு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். "அதான் நாலு இருக்கே, பேக்கப் எதுக்கு?" என்ற கேள்வி மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி வருகிறது.

*

டிஸ்க்கைக் கழற்றித் தூசி தட்டி மாற்றிச் சொருகிவிட்டோம், அதனால்தான் போய்விட்டதா என்று பயந்து கேட்பார்கள். இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் அப்படிப் போகாது. உள்ளே ஓடுவது லினக்ஸ். ஒவ்வொரு டிஸ்க்கிலும் டேட்டா பகுதியின் தொடக்கத்தில் ஒரு சின்ன அடையாளக் குறிப்பு இருக்கிறது: நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அதில் எத்தனையாவது ஆள், கடைசியாக எத்தனை மாற்றம் வரை பார்த்தேன். டிரே மாறினாலும் பெட்டி அதைப் படித்து அடையாளம் கண்டுகொள்ளும்.

அந்தக் குறிப்பு போனால்தான் திண்டாட்டம். டிஸ்க் நாலும் நன்றாக இருக்கும், படங்கள் முழுக்க உள்ளே இருக்கும், எது முதல் எது அடுத்து என்று சொல்ல ஆள் இருக்காது. நாலு டிஸ்க்கை 24 விதமாக அடுக்கலாம். டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி எழுதும் துண்டு எத்தனை கிலோபைட் என்பதில் 64, 128, 256, 512 என்று நாலைந்து வழக்கம். கூட்டுத்தொகை எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதில் இன்னொரு நாலு. டேட்டா எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பது வேறு. பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வரும். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு பெரிய ஜேபெக் படம் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னப் படம் உதவாது. ஒரே துண்டுக்குள் அடங்கிவிட்டால் தப்பான அடுக்கிலும் அழகாகத் திறந்து ஏமாற்றும்.

வேடிக்கை ஒன்று. கூட்டலுக்கு வரிசை கிடையாது. அதனால் ரெய்டு 5இல் வரிசை தெரியாமலேயே செத்த டிஸ்க்கின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். எடுத்ததைப் படிக்கத்தான் வரிசை வேண்டும். இரண்டு டிஸ்க் விழுந்தாலும் தாங்குகிற ரெய்டு 6இல் இரண்டாவது சரிபார்ப்புக் கணக்கு வரிசையையும் சேர்த்துப் போடப்படுவது, அங்கே இந்தச் சலுகை இல்லை.

*

விண்டோஸ் கேட்கும் கேள்வி: "இனிஷியலைஸ் டிஸ்க்?" பெட்டி திறக்கவில்லை என்றதும் டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரணக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்காத சர்வீஸ்காரர் இல்லை. ஓகே கொடுத்துவிடுகிறார்கள். அதோடு முடிந்தது என்று அழ வேண்டியதில்லை. அழிவது பெரும்பாலும் முகப்பில் இருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை மட்டும். கூட இருந்த டிஸ்க்குகள் அதே அளவு என்றால் அவற்றின் அட்டவணையும் அதேதான், பார்த்து எழுதிவிடலாம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளே போதும். பெட்டிக்குள்ளேயே புதிதாக வால்யூம் உருவாக்கு என்று கொடுத்து, மேலே நாலு நாள் ஷூட்டிங்கையும் ஏற்றிவிட்டுக் கூப்பிடுகிறார்களே, அதுதான் கஷ்டம்.

*

மாசி, வைகாசிக் கதைக்கு வருகிறேன். மாசியில் விழுந்த டிஸ்க்கைச் சோதித்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு முறை பதில் சொல்லத் தாமதித்திருக்கிறது, பெட்டி வெளியே தள்ளிவிட்டது. "நல்லாத்தானண்ணா இருக்குது, இதையே சேத்துடுங்க." சேர்த்தால் ஆபத்து. அது மாசியில் நின்றுபோன கடிகாரம். மற்றவை வைகாசி வரை வந்துவிட்டன. கட்டாயப்படுத்திக் கூட்டினால் மாசிக்கு முந்தைய கல்யாணங்கள் நன்றாக வரும், அதற்குப் பிந்தையவை நடுநடுவே சாம்பல் பட்டைகளோடு வரும். பார்க்க வேண்டியது அடையாளக் குறிப்பில் இருக்கும் மாற்ற எண்ணிக்கையை. மூன்றில் ஏறக்குறைய ஒரே எண், ஒன்றில் மட்டும் மிகவும் குறைவு என்றால் அந்த ஒன்றை மேசையின் ஓரத்தில் தனியாக வைத்துவிட வேண்டும். வைகாசியில் விழுந்தது, மோசமான நிலையில் இருந்தாலும், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

*

முதலில் நகல். மூல டிஸ்க்கில் எந்த வேலையும் செய்வதில்லை. குனு டிடிரெஸ்க்யூ என்ற நகல் மென்பொருள் சுலபமாகப் படிக்கிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். அந்தக் குறிப்பு ஒரு ஃபைலாக இருப்பதால் கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது.

நல்ல நிலையில் உள்ள 4 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் வீதம் ஓடினால் ஏழரை மணி நேரம். பழுதானது என்றால் நாள் கணக்கு. நகல் எடுக்க அதே அளவுக்குப் புது டிஸ்க்குகள் வேண்டும், அந்தச் செலவு வாடிக்கையாளருடையது. சண்டை வருவது இந்த இடத்தில்தான். "ஏற்கெனவே நாலு டிஸ்க் வாங்கித்தானே இந்த கதி?"

நகல் எடுப்பதில் இன்னொரு லாபம். "செத்த" இரண்டு டிஸ்க்கும் முழுக்கச் செத்திருப்பது அபூர்வம். ஒன்றில் இங்கே ஓட்டை, இன்னொன்றில் அங்கே ஓட்டை. ஒரே வரிசையில் இரண்டு ஓட்டை விழுந்தால்தான் நஷ்டம். மற்ற இடங்களை ஒன்றை வைத்து ஒன்றை நிரப்பிவிடலாம். இரண்டும் ஒரே காலத்தில் விழுந்திருந்தால் இதற்குத் தோதான கேஸ். மூன்று மாத இடைவெளி என்றால் இல்லை.

*

மாற்று டிஸ்க் வாங்கும்போது அளவை மட்டும் பார்க்கக் கூடாது. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வகையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள், கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் தடங்களில் எழுதுபவை என்று ஒப்புக்கொண்டது. ஒரு தடத்தை மாற்ற அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். படம் சேமித்து வைக்கும்போது தெரியாது. மறுபடி கட்டும்போது தெரியும்: மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், நடுவில் பெட்டி பொறுமையிழந்து புது டிஸ்க்கையே வெளியே தள்ளும்.

*

ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள், தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில் நின்றது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது.

அந்த வாரத்து வேலைகளில் பாதி, மேசைக்கடியில் தரையோடு வைத்திருந்த பெட்டிகள். வெயில் வந்ததும் டிஸ்க்குகளை மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தார்கள், வடகம் மாதிரி. செய்யக் கூடாதது அதுதான். சாதாரண ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாத டப்பா இல்லை. காற்றழுத்தம் சமன்பட ஒரு ஊசித்துளை இருக்கும், அதன் வழியே சேற்றுத் தண்ணீர் போகும். காய்ந்தால் மண் தட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் கொடுத்துச் சுழல விட்டால் படிக்கும் முனை அந்த மண்ணில் இடித்துத் தட்டைக் கீறும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கரண்ட் கொடுக்காமல், தூசியில்லாத அறை வைத்திருக்கும் இடத்துக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகள் பரவாயில்லை, அவை நிஜமாகவே மூடப்பட்டவை. அவற்றில் நனைவது வெளியே இருக்கும் போர்டு மட்டும்.

அரிசிக்குள் புதைத்து வைத்த ஒருவரும் உண்டு. அரிசியைத் திரும்ப உலையில் போட்டார்களா என்று கேட்கவில்லை.

*

நம்பிக்கை கொடுக்க நான் சொல்வது கொலம்பியா விண்கலம். 2003 பிப்ரவரியில் வானத்திலேயே சிதறி விழுந்தது. அதிலிருந்த ஒரு டிஸ்க் உருகிய உலோகக் கட்டியாகக் கிடைத்தது. உள்ளே தட்டுகள் தப்பியிருந்தன. 99 விழுக்காடு தகவலை எடுத்துவிட்டார்கள், அதை வைத்து 2008இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. டாஸ் அமைப்பு தகவலைச் சிதறடிக்காமல் ஒரே இடத்தில் வரிசையாக எழுதியிருந்ததும் ஒரு காரணம். ஒற்றை டிஸ்க், ஒற்றை வரிசை. நாலு டிஸ்க்கில் பிரித்து எழுதிய கல்யாணத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

*

கையால் அழித்தது. முதலில் பார்ப்பது ஷேருக்குள் இருக்கும் ரீசைக்கிள் ஃபோல்டர். ஆன் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பி-ட்ரீ எஃப்எஸ் போட்டு ஸ்னாப்ஷாட் வைத்திருந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லாத ஈஎக்ஸ்டி4 என்றால், ஃபைல் எங்கெங்கே கிடக்கிறது என்ற குறிப்பை அழிக்கும்போதே துடைத்துவிடும். பிறகு ஃபோட்டோரெக் என்ற மென்பொருள்தான். அது பெயரைப் பார்க்காது. ஜேபெக் தொடங்கும் அடையாளம் எங்கே தெரிகிறதோ அங்கிருந்து அள்ளும். லட்சக்கணக்கில் படம் வரும். ஒன்றுக்கும் பெயர் இருக்காது, ஃபோல்டர் இருக்காது.

அப்போது வேலை துப்பறிவது. கேமரா படத்துக்குள்ளேயே நேரத்தை எழுதியிருக்கும். நேரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபத்தில் ஆள் அனுப்பியிருப்பார்கள். மூன்று இடத்திலும் அதே ஆறரை மணிக்குத் தாலி. அதனால் நேரத்தோடு கேமராவின் சீரியல் எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டூடியோவின் பழைய டைரி: திண்டிவனம் மண்டபத்துக்கு எந்த கேமரா போனது, யார் தூக்கிக்கொண்டு போனார்? பேப்பர் டைரி வைத்திருக்கும் பழைய ஸ்டூடியோக்கள் இதில் தப்பிக்கின்றன. வாட்ஸப்பில் ஆள் பிரித்தவர்கள் திணறுகிறார்கள்.

வீடியோ இதைவிட மோசம். எம்பி4இல் பொருளடக்கம் வழக்கமாகக் கடைசியில் இருக்கும், ரெக்கார்டிங் நிறுத்தும்போது எழுதப்படுவது. நிறைந்து வழியும் பெட்டியில் மூன்று எடிட்டர்கள் ஒரே நேரத்தில் எழுதியிருந்தால் ஃபைல் துண்டு துண்டாகக் கிடக்கும். தொடக்கம் ஒரு கல்யாணம், நடுவில் இன்னொரு மஞ்சள் நீராட்டு. இதில் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

*

2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற தாக்குதல் உலகம் முழுக்க கியூநாப் பெட்டிகளில் புகுந்து, ஃபைல்களை 7-ஜிப்பில் கடவுச்சொல்லோடு பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பூட்டிய பின் மூலத்தை அழித்தது, ஆனால் மேலே எழுதி மறைக்கவில்லை. ஃபோட்டோரெக் வழியில் பலருக்குப் படங்கள் திரும்பின. கியூநாப் நிறுவனமே ஃபோட்டோரெக்கை அடிப்படையாக வைத்து ஒரு மீட்புக் கருவி வெளியிட்டது. வீட்டிலிருந்து எடிட் பண்ண வசதி என்று ரவுட்டரில் வழி திறந்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்களைப் பார்த்தால் முதலில் அந்த வழியை மூடிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

*

விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகள் கிடைத்தன. சோழர் செப்பேடுகளில் ஏட்டில் துளையிட்டு, வளையத்தில் கோத்து, வளையம் சேரும் இடத்தில் அரச முத்திரை வைத்துவிடுவார்கள். முத்திரையை உடைக்காமல் ஒரு ஏட்டை உருவவோ இடம் மாற்றவோ முடியாது. எழுத்தைக் காப்பாற்றியது செம்பு, வரிசையைக் காப்பாற்றியது வளையம். டிஸ்க் தயாரிப்பவர்கள் செம்பு வேலையைத்தான் முன்னேற்றிக்கொண்டே போகிறார்கள்.

*

இன்னொரு கேஸ். பெட்டியைப் போட்டுக் கொடுத்த தம்பி இப்போது தோஹாவில். நம் பக்கத்தில் இது வழக்கம்: நன்றாக வேலை தெரிந்த பையன் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரகடம், பெங்களூர், வளைகுடா என்று போய்விடுவான். முதலாளியிடம் கேட்டால் "ரெய்டு ஃபைவ்னு சொன்னாப்ல" என்பார். இரவு தோஹாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ரெய்டு ஃபைவ் இல்லண்ணா, எஸ்எச்ஆர். மொதல்ல ரெண்டு டிபி ரெண்டு, அப்புறம் நாலு டிபி ரெண்டு சேத்தம்."

அந்த ஒரு வரி இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தியது. எஸ்எச்ஆர் என்பது சினாலஜி பெட்டிகளின் சொந்த ஏற்பாடு. அதில் 2, 2, 4, 4 டெராபைட் என்றால் நாலு டிஸ்க்கின் முதல் 2 டெராபைட்டும் சேர்ந்து ஒரு ரெய்டு 5, அதில் 6 டெராபைட். பெரிய இரண்டின் மிச்சம் தனியாக ஒரு ஜோடி, அதில் 2. இரண்டையும் ஒட்டி 8 என்று காட்டும். ரெய்டு 5 என்று நம்பி மேலோட்டமாகக் கட்டினால் முக்கால்வாசி வந்துவிடும், பிறகு ஃபோல்டர் பட்டியல் இருக்கும், ஃபைல் திறக்காது.

தோஹா தம்பி பதில் சொல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. சினாலஜி பெட்டிகளில் ஒவ்வொரு டிஸ்க்கின் முன்பகுதியிலும் சின்னதாக சிஸ்டம் பார்ட்டிஷன் இருக்கிறது, எல்லா டிஸ்க்கிலும் ஒரே நகல். மூன்று டிஸ்க் செத்து ஒன்று மிச்சமிருந்தாலும் அதைத் திறக்கலாம். அங்கே லாக் இருக்கும், எந்த டிஸ்க் எந்தத் தேதியில் விழுந்தது என்று. எந்த சீரியல் எண் டிஸ்க் எந்த அடுக்கில் இருந்தது என்று பெட்டி தேதி போட்டு எழுதிவைத்த ஃபைல்களும் இருக்கும். மாசியில் கத்தலை நிறுத்தியது யார் என்ற சண்டையும் சில சமயம் அங்கேதான் தீர்கிறது. முதலாளி முன்னால் அதைத் திறப்பதில்லை.

என்கிரிப்ட் செய்து சாவியை அந்தப் பூட்டிய ஃபோல்டருக்குள்ளேயே வைத்தவர்களுக்கு மட்டும் எந்த வழியும் இல்லை.

*

2025 செப்டம்பர் 26, தென்கொரியாவின் டேஜான். அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் போனது. அளவு பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்றார்கள். செய்தியைக் காட்டியதும் ஒரு ஆடிட்டர் சிரித்தார்: "சார், அவங்களே அப்படின்னா நாம எம்மாத்திரம்?" அவருக்கு மொத்தமே ஒரு டெராபைட்டுக்குக் கீழே. ஒற்றை வெளி டிஸ்க் போதும்.

*

கிளவுடில் போடலாமே என்பவர்களுக்கு: 8 டெராபைட்டை நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்பினால், ஒரு நொடியும் நிற்காமல் போனால், 37 நாள். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். முடிந்த ஆல்பம், டெலிவரி செய்த வீடியோ இவற்றை மட்டும் ஏற்றலாம். ரா ஃபைலுக்கு டிஸ்க்தான்.

விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்துக் கிளையில் ஒன்று என்று வைத்துவிட்டு இரண்டு ஊரில் நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார் ஒருவர். இரண்டுக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, நடுவில் மயிலம். அதே ஃபெஞ்சல் மழை இரண்டு கடைக்குள்ளும் வந்தது. இப்போது அவருடைய மூன்றாவது நகல் வேலூரில் மைத்துனர் வீட்டு இரண்டாம் மாடி பீரோவில். காட்பாடி ரயிலில் மாதம் ஒரு முறை ஒரு டிஸ்க் போகும், பழையது திரும்பி வரும். பெட்டியின் ஃபார்மேட்டிலேயே கொடுத்தால், மைத்துனர் மகன் என்றைக்காவது லேப்டாப்பில் சொருகுவான், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும், அவன் ஓகே கொடுப்பான். எக்ஸ்ஃபேட்டில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.